வெந்நீர்த் தொட்டியில் எமன்!

1999-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். நெதர்லாந்து நாட்டில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது.

அங்கே ஒரு வெந்நீர்க் குளியல் தொட்டியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதில் தண்ணீர் குமிழியிட்டுச் சுழன்றது. மக்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

சில நாட்களில் பலருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. நுரையீரல் கெட்டது. 32 பேர் மாண்டார்கள்!

'லெஜியோனெல்லா' என்ற கிருமிதான் காரணம். தொட்டியில் வளர்ந்த அது, நீர்த் திவலையோடு காற்றில் பரவியது. தொட்டியில் இறங்காமல், பக்கத்தில் நடந்து போனவர்களையும் அது விடவில்லை.

வெந்நீரில் கிருமியா?

கொதிக்கும் நீரில் கிருமி சாகும். ஆனால் இந்தத் தொட்டியில் சூடு 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக் கூடாது. அந்த இளஞ்சூட்டில் கிருமி செழித்து வளரும். அதைக் கொல்வது குளோரின். சூட்டில் குளோரினோ சீக்கிரம் தீர்ந்துவிடும்!

மேல்நாடுகளில் வீட்டுத் தோட்டத்திலேயே இந்தத் தொட்டி உண்டு. நம் நாட்டில் பெரிய ஓட்டல்களில் இருக்கிறது.

தண்ணீர் சுடவில்லையா?

முதலில் வடிகட்டியைப் பாருங்கள். பம்ப் தள்ளும் தண்ணீர், வடிகட்டி வழியாகச் சென்று சூடாகித் திரும்புகிறது. வடிகட்டி அடைத்தால் ஓட்டம் குறையும். உடனே சூடேற்றும் கருவி தானாக நின்றுவிடும். தண்ணீர் மட்டம் குறைந்தாலும் அப்படியே.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு வடிகட்டியைக் கழுவுங்கள். மூடியைத் திறந்து போடாதீர்கள், சூடு போய்விடும். அப்படியும் சுடவில்லை என்றால், மின்சாரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நீங்களே கழற்றாதீர்கள்!

தண்ணீர் கலங்குகிறதா?

குளோரின் குறைந்திருக்கலாம். 10 லட்சம் பங்கு தண்ணீருக்குக் குறைந்தது 3 பங்கு குளோரின் வேண்டும். புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-க்கும் 7.8-க்கும் இடையே இருக்க வேண்டும். இரண்டையும் சோதனைத் தாள் காட்டிவிடும்.

நுரை வந்தால், அது உடம்பில் இருந்த சோப்பும் எண்ணெயும். குளித்துவிட்டு இறங்குவதே நல்லது.

மருந்து வாடை மூக்கைத் துளைத்தால், குளோரின் அதிகம் என்று எண்ணாதீர்கள். வியர்வை, சிறுநீர் முதலிய அழுக்கோடு குளோரின் சேர்ந்தால்தான் அந்த வாடை வரும்!

ஓட்டலுக்குப் போகிறவர்களே! தொட்டியின் சுவர் வழுவழுவென்று வழுக்கினால் இறங்காதீர்கள். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இறக்கவே கூடாது.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று ஏமாறவும் வேண்டாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. "இன்று குளோரின் அளவு பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால் மட்டும் இறங்குங்கள்!