முப்பத்தொரு எழுத்தும் ஒரே வாக்கியத்தில்!

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டியதும் வரும் ஸ்டேஷன் திருநின்றவூர். அந்தப் பெயரை ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். எழுத்துகள் மொத்தம் ஏழுதான். அந்த ஏழுக்குள் 'ந'வும் இருக்கிறது, 'ன'வும் இருக்கிறது. இடையின 'ர' இரண்டு முறை வருகிறது. வல்லின 'ற' ஒரு முறை வருகிறது.

புதிதாக எழுதக் கற்றுக் கொண்டவருக்கு இந்த ஊர்ப் பெயரே ஒரு பரீட்சை! ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு 'ந'வுக்கும் ஒரே 'என்', இரண்டு 'ர'வுக்கும் ஒரே 'ஆர்' போதும். அக்கம்பக்கத்து ஜனங்களோ இந்த வம்பே வேண்டாம் என்று 'தின்னனூர்' என்று சொல்லிவிடுகிறார்கள்!

ஓர் ஊரின் பெயரில் நான்கு கடினமான எழுத்துகள் அடங்குமானால், ஒரே வாக்கியத்தில் ஒரு மொழியின் எல்லா எழுத்துகளையும் அடக்க முடியுமா? உலகில் பல மொழிக்காரர்கள் இதை முயன்று பார்த்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். பழுப்பு நிறக் குள்ளநரி ஒன்று சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கிறது என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. டைப் அடிக்கக் கற்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். 26 எழுத்தும் அதில் வந்துவிடும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில் அது 1885-லேயே அச்சாகியிருக்கிறது. 1963 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அவசரச் செய்தித் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. அணுகுண்டுப் போர் மூளாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. அமெரிக்கா முதன்முதலில் அனுப்பிய சோதனைச் செய்தி என்ன தெரியுமா? இதே நரியும் நாயும்தான்! எல்லா எழுத்தும் பழுதில்லாமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வாக்கியம் ஏது?

ஜப்பானியர் இன்னும் கெட்டிக்காரர்கள். 47 எழுத்துகளையும் வைத்து, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை மட்டும் வரும்படி ஒரு பாட்டே கட்டினார்கள். வாழ்வின் நிலையாமையைச் சொல்லும் அந்தப் பாட்டுக்கு 'இரோஹா' என்று பெயர். 1079-ஆம் ஆண்டு நூலிலேயே அது காணப்படுகிறது.

தமிழில் முடியுமா?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துகள். இத்தனையையும் ஒரு வாக்கியத்தில் அடக்குவது நடக்காத காரியம். வாக்கியம் நீளும் என்பதல்ல காரணம். பல எழுத்துகளுக்குச் சொல்லே கிடையாது! 'ங' வரிசையை எடுத்துக் கொள்ளுங்கள். அங்ஙனம், இங்ஙனம் என்ற சொற்களில் 'ங' வருகிறது. 'ஙா', 'ஙி', 'ஙீ' வரும் நல்ல தமிழ்ச் சொல்லுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்துச் சுவர் அட்டையில்தான் அவற்றுக்கு இடம்.

இந்தச் சங்கடத்தை ஔவையார் நன்றாக அறிந்திருந்தார். அவருடைய ஆத்திசூடி, சிறுவர்களுக்கு எழுத்தையும் நல்ல புத்தியையும் சேர்த்துப் புகட்டும் நூல். முதலில் 12 உயிருக்கும் ஒவ்வொரு வரி. பிறகு ஆய்தத்துக்கு ஒரு வரி. அடுத்து க, ங, ச, ஞ என்று 18 எழுத்துக்கும் வரிகள் வருகின்றன. ட, ண, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காதே! பாட்டி என்ன செய்தார்? முன்னால் ஓர் 'இ'யையோ 'அ'வையோ நிறுத்தி, வேண்டிய எழுத்தை இரண்டாவதாக வைத்துவிட்டார். 'ங'வுக்கு இந்த யுக்தியும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்த எழுத்தையே உவமையாக்கினார். வேலையில்லாத தன் இனத்து எழுத்துகளையும் 'ங' தன்னோடு தழுவி வைத்திருப்பது போல, நீயும் சுற்றத்தாரைத் தழுவி நட என்று அதற்கு உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். உபயோகமற்றது என்று ஒதுக்கத்தக்க எழுத்துக்கு இப்படி ஒரு கௌரவம்!

247 எழுத்தும் ஒருவருக்குத் தலைவலி கொடுத்தது. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய் வாழ்ந்த ஆர். முத்தையா. தமிழ் டைப்ரைட்டர் அமைத்தவர். ஒரு சிறிய மிஷினில் இத்தனை எழுத்துக்கு எப்படி இடம் கொடுப்பது? அடித்தாலும் காகிதம் நகராத 'நகரா விசை'களை வைத்தார். புள்ளியும் கொக்கியும் எழுத்தின் மேலேயே வந்து விழுந்தன. பிரச்னை தீர்ந்தது.

வாக்கியத்துக்கும் இதே வழிதான். உயிர்மெய்களை விட்டு, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்தும் வந்தால் போதும் என்று வைத்துக் கொள்வோம். மெய்யெழுத்து தனியாகவும் வரலாம், உயிரோடு சேர்ந்தும் வரலாம். இதோ ஒரு வாக்கியம்:

"ஆனி மாதம் ஊரார் ஐந்து பேர் எஃகு அரிவாளால் ஏரிக்கரை ஈச்சங்குலைகளை இறக்க, ஔவைப் பாட்டி மஞ்சள் பழங்களை ஓலையில் ஒன்றாகக் குவித்து உண்டாள்."

பதினெட்டே சொற்கள். பென்சிலை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக அடித்துக் கொண்டே வாருங்கள். முரண்டு பிடிப்பவை மூன்றுதான். 'ஔ'வுக்கு ஔவையையோ ஔடதத்தையோ விட்டால் வேறு சொல் எளிதில் அகப்படாது. ஆய்தத்துக்கு எஃகு கை கொடுக்கிறது. (இந்தக் காலத்தில் 'ஃபேன்', 'ஃபோன்' என்று அதற்குப் புது வேலை கிடைத்திருப்பது வேறு கதை!) 'ங்' பெரும்பாலும் 'க'வின் கையைப் பிடித்துக் கொண்டுதான் வரும்.

விளையாட்டு மட்டுமல்ல

வீட்டில் புதிதாக எழுதப் பழகும் பாட்டியோ பையனோ இருந்தால், இந்த வாக்கியத்தை ஒருவர் சொல்ல, அவர் பார்க்காமல் எழுதட்டும். எந்த எழுத்தில் கை தயங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் ல, ள, ழ அல்லது ர, ற அல்லது ந, ன, ண இவற்றில்தான் தயங்கும். கால், கொம்பு, கொக்கி இவற்றை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.

எழுத்து மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பட்டாவிலோ ரேஷன் கார்டிலோ பெயரில் ஓர் எழுத்து மாறியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், திருத்துவதற்கு எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தோம் என்று! கையெழுத்துப் போடுமுன் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று தானே படித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த நடை மிச்சம்.

திருநின்றவூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கல்லும் பொன்னும் இல்லாத பூசலார் நாயனார், மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர் இது. இருதயாலீசுவரர் கோயிலில் இன்றும் அவர் நினைவு போற்றப்படுகிறது. 'மனத்தில் கட்டினார்' என்பதை 'மணத்தில் கட்டினார்' என்று எழுதிவிட்டால், கோயில் கட்டியவர் தாலி கட்டியவராகிவிடுவார்!

வாக்கியத்துக்கே திரும்பினால், அதில் 'ஐந்து பேர்' என்பதை 'ஐவர்' என்று மாற்றினால் ஒரு சொல் குறையுமே என்று தோன்றும். செய்து பாருங்கள். ஓர் எழுத்து காணாமல் போய்விடும். எந்த எழுத்து? திருநின்றவூரில் மூன்றாவதாக நிற்கும் எழுத்துதான்!