முதுகு வலியா? பழக்கத்தை விடாதீர்கள்!

தினமும் உடற்பயிற்சி செய்பவருக்கு முதுகில் அடிபட்டால் முதலில் நிற்பது பயிற்சி. அடுத்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடு. நின்று சமைக்க முடியாததால் பரோட்டாவும் சிப்ஸும் வீடு தேடி வரும். முதுகு சரியான பிறகும் பழைய பழக்கம் எளிதில் திரும்பாது. இதைத் தவிர்க்க உங்கள் கம்ப்யூட்டர் உதவும்.

சாதாரண முதுகு வலிக்கு நாள் கணக்கில் படுத்தே இருப்பது நல்லதல்ல. முடிந்தவரை நடமாட வேண்டும். லான்செட் மருத்துவ இதழ் 2018-இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரும் இதையே வலியுறுத்துகிறது. எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இனி எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். தேதி, நடந்த நிமிடங்கள், வலியின் அளவு (0 முதல் 10 வரை), கடையில் வாங்கிச் சாப்பிட்ட வேளைகள் என நான்கு தலைப்புகள் இடுங்கள். தினமும் இரவில் எண்களை டைப் செய்யுங்கள். வாரக் கடைசியில் இன்சர்ட் மெனு மூலம் நடைக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என இரண்டு லைன் சார்ட்கள் வரையுங்கள். நடை கூடியும் வலி கூடவில்லையா? சரியான பாதையில் செல்கிறீர்கள். வலி ஏறினால் அந்த சார்ட்டை பிரின்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வேலை நேரத்தில் விண்டோஸ் கிளாக்கில் 30 நிமிட டைமர் வையுங்கள். ஒலித்ததும் எழுந்து நாலு அடி நடங்கள். வீட்டில் தண்ணீர் கேனையும் கிரைண்டர் கல்லையும் மற்றவர்கள் தூக்கட்டும். இட்லி, சுண்டல், அவித்த முட்டை போன்றவற்றுக்கு அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை.

கால் மரத்துப் போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ எக்செல் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.