தொலைபேசிக் கம்பியில் முப்பது குரல்கள்

"எல்லார் சட்டைப் பையிலும் கைபேசி இருக்கிறது. இந்தக் காலத்தில் போய் டிரங்குக் கம்பியைப் பற்றி எழுதப் போகிறாயா?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேலி செய்தார். நான் அவரைத் திருப்பி ஒன்று கேட்டேன். ஒரு பெரிய அலுவலகத்திற்கு ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. அந்த எண்ணை ஒரே நேரத்தில் இருபது பேர் அழைக்கிறார்கள். இருபது பேருக்கும் மறுமுனையில் மணி அடிக்கிறதே, இஃது எங்ஙனம்? நண்பர் சற்று யோசித்தார். "எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரங்கு என்ற சொல் நம் பெற்றோருக்கு நன்கு பழக்கமானது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்கு கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று வகை. மின்னலுக்குக் கட்டணமும் மின்னலடித்தாற்போல் இருக்கும்! இயக்குபவர் உதவியின்றி வெளியூர் எண்ணைத் தாமே சுழற்றிப் பேசும் வசதி இந்தியாவில் 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே முதன்முதலில் வந்தது. காத்திருத்தல் படிப்படியாக ஒழிந்தது. சொல் மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு நிலையத்தையும் மற்றொரு நிலையத்தையும், அல்லது ஒரு நிலையத்தையும் ஓர் அலுவலகத்தையும் இணைக்கும் பெருவழியே டிரங்கு.

அந்தப் பெருவழி இன்று எண்களால் ஆனது. குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதினால், ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 பிட்டுகள் ஆகின்றன. பேச்சை இவ்வாறு எண்ணாக்கி அனுப்பலாம் என்பதை அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், பாரிஸில் பணியாற்றிய நாளில், 1937-இல் கண்டறிந்தார். வெற்றிடக் குழாய்க் காலத்தில் அதைச் சிக்கனமாகச் செய்ய வழியில்லை. டிரான்சிஸ்டர் வந்தபின், 1962-இல்தான் அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே ஓர் இணைப்பில் 24 குரல்கள். ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றும் முறைக்கு ஈ-1 என்று பெயர். அதில் 32 இடங்கள். விநாடிக்கு 20,48,000 பிட்டுகள்.

நம் குப்பம் வழியாகச் செல்லும் புகைவண்டி ஒன்றை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அதில் 32 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் குரலின் ஒரே ஒரு துணுக்கு. இத்தகைய வண்டிகள் விநாடிக்கு 8,000 ஓடுகின்றன. சுழியாவது பெட்டியில் பயணி கிடையாது. வண்டி எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளம் அதில் இருக்கிறது. பதினாறாவது பெட்டியிலும் பயணி இல்லை. யார் யாரை அழைக்கிறார், எந்தப் பெட்டி காலி, யார் பேச்சை முடித்துவிட்டார் என்ற செய்திகள் அதில் செல்கின்றன. எஞ்சிய 30 பெட்டிகளில் முப்பது பேர் பேசலாம். நண்பருடைய இருபது பேர் கதை இதுதான்.

இந்தக் கம்பி வந்து சேருமிடத்தில் ஒரு கருவி இருக்கும். அதை வாய்ஸ் கேட்வே என்பர். குரல்வாயில் என்று நாம் சொல்லிக் கொள்வோமே. ஒரு பக்கம் தொலைபேசி நிலையத்தின் முறை, மறு பக்கம் கணிப்பொறி வலையின் முறை. இரண்டுக்கும் நடுவே நின்று பெயர்த்துச் சொல்வது அதன் வேலை. தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் விடைபெறுகிறவர்களைக் கடைத்தெருவில் நாள்தோறும் காணும் நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

ஆனால் பேரம் படிய இருவரும் ஒரே மொழியில் பேச வேண்டும் அல்லவா? குரல்வாயிலில் செய்யும் அமைப்புகள் யாவும் இந்த உடன்பாடுதான். பதினாறாவது பெட்டியில் பேசும் மொழி ஐரோப்பிய ஐ.எஸ்.டி.என். முறையா, பழைய ஆர்-2 முறையா என்பதை நிலையத்தாரிடம் கேட்டு அவ்வாறே வைக்க வேண்டும். குரலைச் சுருக்கி எழுதும் விதி இந்தியாவில் ஏ-விதி, அமெரிக்காவில் மியூ-விதி. மாற்றி வைத்தால் அழைப்பு கிடைக்கும், பேச்சு மட்டும் கரகரவென்று சிதைந்து கேட்கும். பிழை காணும் சி.ஆர்.சி.-4 என்னும் சோதனை ஒரு முனையில் இருந்து மறுமுனையில் இல்லாவிட்டால், சில கருவிகளில் விளக்கு பச்சையாக எரியும், அழைப்பு மட்டும் போகாது. அழைப்புக்குப் பெட்டி தேடும்போது ஒரு முனை கீழிருந்து மேலாகவும் மறுமுனை மேலிருந்து கீழாகவும் தேடுவது நல்லது. இல்லாவிடில் இருவரும் ஒரே பெட்டிக்குத் துண்டு போட்டுவிட்டுச் சண்டையிடுவர்.

இவையெல்லாம் தவறினால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கிடந்து கழுத்தறுப்பது கடிகாரம் ஒன்றுதான்.

இரு முனைகளும் ஒரே வேகத்தில் வண்டி விட வேண்டும். நிலையத்தின் கடிகாரம் மிகத் துல்லியமானது. அலுவலகக் கருவி அதைப் பின்பற்ற வேண்டும். நேரத்தைச் சொல்லத் தனிக் கம்பி கிடையாது. வரும் துடிப்புகளிலிருந்தே வேகத்தை அறிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து சுழிகளாகவே வந்தால் துடிப்பே இராதாகையால், மூன்று சுழிக்கு மேல் அடுத்தடுத்து வரவொட்டாமல் இடையில் துடிப்பைச் செருகுகிறார்கள். அமைப்புப் பக்கத்தில் எச்.டி.பி.-3 என்று காணப்படுவது இதுவே. ஆனால் நம் கருவி நிலையத்தைப் பின்பற்றாமல் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் வண்டிகள் சிறிது சிறிதாகத் தேங்கும். ஒரு கட்டத்தில் ஒரு முழு வண்டியைத் தூக்கி எறிய வேண்டி வரும். வேகம் எதிராக இருந்தால் ஒரே வண்டி இருமுறை ஓடும். இதை நழுவல் என்பர்.

இங்கே படிக்க வருமுன் இரண்டாண்டு தொலைபேசிப் பராமரிப்பு வேலை பார்த்தேன். அப்போது தமிழ்நாட்டு ஊரொன்றில் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. முந்திய இரவு நெஞ்சுவலியோடு ஒரு பெரியவர் வந்திருக்கிறார். இதயத் துடிப்புப் படத்தைப் பெருநகரத்து மருத்துவருக்குத் தொலைநகலியில் அனுப்ப முயன்றிருக்கிறார்கள். மூன்று முறையும் பாதித் தாளோடு நின்றுவிட்டது. இரவுப் பணி மருத்துவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோடு கோடாக வாயாலேயே வருணித்தாராம். பெரியவர் பிழைத்துக் கொண்டார். "தொலைநகலியை மாற்றிவிடுங்கள்" என்பதுதான் எனக்கு இடப்பட்ட கட்டளை.

தொலைநகலியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. செவிலியர் ஒருவர்தாம் வழி காட்டினார். "போனில் அவ்வப்போது டிக் டிக் என்று கேட்கும் சார், பழகிவிட்டது" என்றார். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். ஏறத்தாழ அரை நிமிடத்திற்கு ஒரு டிக். கணக்குப் போட்டேன். இரு கடிகாரங்களும் பத்து லட்சத்தில் நான்கு பங்கு வேறுபட்டால் 31 விநாடிக்கு ஒரு வண்டி நழுவும். தொலைநகலியில் ஒரு தாள் போக ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகும். ஆகவே ஒவ்வொரு தாளிலும் இரண்டு நழுவலாவது வந்தே தீரும். விநாடியில் 8,000-இல் ஒரு பங்கு போனால் காது மன்னித்துவிடுகிறது, தொலைநகலி மன்னிப்பதில்லை.

அங்கே இருந்தது ஆஸ்டெரிஸ்க் என்னும் மென்பொருளில் இயங்கிய கருவி. அதன் அமைப்புக் கோப்பில் ஸ்பான் என்று தொடங்கும் வரியில் இரண்டாவது எண் கடிகாரத்திற்குரியது. 1 எனில் இந்த இணைப்பிலிருந்து நேரம் எடுத்துக்கொள் என்று பொருள். 0 எனில் எடுக்காதே. கருவியை நிறுவியவர் 0 என்று விட்டுவிட்டுப் போயிருந்தார். எத்தனை மாதம் அப்படிக் கிடந்ததோ! சுழியை ஒன்றாக்கி, ஓட்டத்தைப் புதுப்பித்து, நழுவல்களை எண்ணும் கணக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது நகரவில்லை.

சோதனைக்காகச் செவிலியர் கைக்கு அகப்பட்ட ஒரு தாளைத் தொலைநகலியில் செருகினார். தாள் முழுதும் போய்ச் சேர்ந்தது. சிறிது நேரத்தில் பெருநகரத்திலிருந்து அழைப்பு வந்தது: "உங்கள் ஆஸ்பத்திரி டியூட்டி பட்டியல் எங்களுக்கு எதற்கு?"