மாடியில் ஒரு பிடி மண் – 9: சுரைப்பூ விரியும் நேரம்

சென்ற வாரம் மண் கலவையோடு நிறுத்தியிருந்தேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பையில் நிரப்புவதை யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம். பலருக்கும் கைவிட்டுப் போவது அதற்குப் பிறகு வரும் நாட்கள்தான். "வேலை, வீடு, சங்கம், கோயில் காரியம் என்று ஓடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று கேட்டு எழுதியிருந்தார் ஒரு வாசகி. அவருக்குப் பதில் சொல்ல என் வீட்டுச் சுரைக்கொடியின் கதைதான் சரியாக இருக்கும்.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கம் எங்கள் தெரு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறிய பகுதி. அந்த நாலு நாளில் மொட்டை மாடிகளில் ஒன்றாய்ச் சோறு பொங்கித் தின்ற பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எங்களில் பலருக்குத் தெரிந்தது. தண்ணீர் வடிந்த கையோடு குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கினோம். செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. வடிகால், தெருவிளக்கு, குப்பை வண்டி, ஆண்டுப் பொதுக்குழு, பதிவாளர் அலுவலகத்துக்குக் கணக்கு, யாராவது இறந்துவிட்டால் அமரர் ஊர்தி என்று எதற்கும் முதல் போன் எனக்குத்தான் வரும். அதில் எனக்கு இன்றுவரை சலிப்பில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் என் நாள் முழுக்க அடுத்தவர் கூப்பிடும் நேரங்களால் ஆனதாகிவிட்டது. நானாகப் போய் நின்ற இடம் என்று ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளையை வாங்கினேன். ஆறு பை, இரண்டு கிலோ நார்க்கட்டிகள், ஆறு வகை விதை. முதல் வருடம் ஆறு பையைத் தாண்டாதீர்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். எடுத்த எடுப்பில் ஐம்பது பை வைத்தவர்களின் மாடியில் ஒரு கோடைக்குப் பின் வெறும் பைகள் கிழிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கீரையும் கத்தரியும் எனக்குச் சுலபமாகவே வந்தன. காலை ஆறு மணிக்கு ஏறித் தண்ணீர் விட்டு இறங்கினால் வேலை முடிந்தது. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிக்க வந்துவிடும். அது நம்மிடம் அதிகம் கேட்காது.

சுரை கேட்டது.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விதை ஊன்றினேன். புரட்டாசி பிறக்கும்போது பந்தல் முழுக்கக் கொடி. அடியில் சுண்டுவிரல் அளவு பிஞ்சோடு பெண் மொட்டுகளும் வந்துவிட்டன. காலையில் போய்ப் பார்த்தால் பூ துவண்டு கிடக்கும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிரும். பஞ்சகவ்யா தெளித்தேன், வேப்பெண்ணெய் அடித்தேன், கொடி நுனியைக் கிள்ளிப் பார்த்தேன். பதினோரு பிஞ்சு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

எதிர்வீட்டுப் பாட்டி திண்டிவனம் பக்கத்துக்காரர். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"எப்பம்மா மேல போற?"

"காலையில பாட்டி."

"காலையில போனா அது மூஞ்சிய எங்கத்திப் பாக்கறது? வெளக்கு வெக்கிற நேரத்துல பூக்கும்மா சொரை. அந்நேரம் போய்ப் பாரு."

ஆமாம், சுரைப்பூ அந்தியில்தான் விரியும். மறுநாள் முற்பகலுக்குள் வாடிவிடும். பூசணிப்பூ காலையில் விரிவதால் தேனீக்கள் பார்த்துக்கொள்கின்றன. சுரையின் வெள்ளைப் பூவுக்கு இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள்தான் முக்கியத் துணை. வீடுகள் நெருங்கிய தெருவின் மூன்றாம் மாடிக்கு அவை எத்தனை வரும்? வராவிட்டால் அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை நீக்கி, நடுவில் மகரந்தம் அப்பியிருக்கும் தண்டைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவ வேண்டும். அவ்வளவுதான். ஒரு பூவுக்கு அரை நிமிடம். ஆனால் அந்த அரை நிமிடம் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே இருக்கிறது.

எங்கள் சங்கக் கூட்டம் ஆறரைக்கு. புரட்டாசி என்றால் கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் வடிகால்களில் தூர் வார வைத்தாக வேண்டும். 2015-ஐப் பார்த்த தெரு. அந்தப் பயம் யாரையும் விடவில்லை. அந்த நேரத்தில் "பூ தொட வேண்டும், வர முடியாது" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கேட்டேவிட்டேன்: கூட்டத்தை ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாமா? காரணத்தை மறைக்காமல் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அலுவலகம் முடிந்து ரயிலில் வருகிற இருவர், ஏழரை என்றால் தாங்களும் தவறாமல் வர முடியும் என்றார்கள். இத்தனை வருடம் அவர்களைக் கேட்காமல் இருந்திருக்கிறோமே என்றுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

வாசகிக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். தோட்டம் மனதுக்கு அமைதி தரும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அமைதியைவிடப் பெரிதாக அது கொடுத்தது ஒரு காரணம். "கொஞ்சம் ஓய்வெடுக்கிறேன்" என்று சொல்லி என்னால் ஒரு போனையும் எடுக்காமல் இருக்க முடிந்ததில்லை. எனக்காக என்றால் மனம் வராது. ஒரு கொடி காத்திருக்கிறது என்றால் வருகிறது. போனைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுகிறேன். அந்த முக்கால் மணி நேரத்தில் தெருவில் எதுவும் இடிந்துவிடவில்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். தெருவுக்கு ஒரு மாடித்தோட்டக் குழு தொடங்கலாம், நீங்களே நடத்துங்கள் என்று நல்ல மனதோடு கேட்டார்கள். நாற்று தருகிறேன், விதை தருகிறேன், குழு வேண்டாம் என்றேன். அதற்கும் பதிவேடு, முறை, போன் என்று வந்துவிட்டால் அந்த மாடியும் சங்க அலுவலகமாகிவிடும்.

போன புரட்டாசியில் ஒரு நாள் ஆறே காலுக்குச் சங்கப் பொருளாளர் காசோலையோடு மாடிக்கே வந்துவிட்டார். தூர் வாருகிறவர்களுக்கு அன்றைக்கே பணம் கொடுத்தாக வேண்டும்.

"ரெண்டு பூ பாக்கி சார், ஒரு நிமிஷம்."

காசோலைப் புத்தகத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு, கைபேசி விளக்கை அடித்துக் காட்டினார். உயரத்தில் இருந்த பூ எனக்கு எட்டவில்லை. ஆண் பூவை அவர் கையிலேயே கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினார். விரல் நுனியில் ஒட்டிய மஞ்சள் தூளைச் சட்டையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் காலை தண்ணீர் விடப் போனபோது அந்தப் பிஞ்சு கட்டைவிரல் அளவுக்குப் பருத்து, காம்பு வளைந்து, தலை கீழே தொங்கியிருந்தது. பச்சைத் தோலில் வெள்ளை ரோமம். பந்தல் கம்பியில் ஒரு துண்டு நூல் கட்டியிருந்தது. நான் கட்டியதல்ல. எந்தக் காய் என்று அடையாளத்துக்கு அவர்தான் எனக்கு முன்பே வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

(தொடரும்)