கொல்லங்கோட்டிலிருந்து பெர்த் மைதானம் வரை

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் ரயில் பாதையில் உள்ள சிற்றூர் கொல்லங்கோடு. (குமரி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு, இது சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது.) தெற்கே நெல்லியாம்பதி மலைத் தொடர், சுற்றிலும் நெல் வயல்கள், அடுத்துள்ள முதலமடையில் மாந்தோப்புகள். கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும். இவ்வூரில் 1984-ஆம் ஆண்டு பிறந்தவர் கிருஷ்ண சந்திரன். 2015-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடைபெற்ற உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் இவர் ஆடினார். அணிந்திருந்ததோ ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் உடை!

கேரளத்து இளைஞருக்கு இந்திய அணியின் கதவு எளிதில் திறந்ததில்லை. கேரள ரஞ்சி அணியிலிருந்து இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் ஆட்டக்காரர் டினு யோஹன்னான். அதுவும் 2001-ஆம் ஆண்டில்தான். பின்னர் ஸ்ரீசாந்த் வந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பந்தயங்களோடு நின்றார்கள். பிழைப்புக்காக வளைகுடா சென்றவர்கள் பலர்.

அங்கு ஒரு விசித்திரம். எமிரேட்டுகளில் குடியுரிமை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் சர்வதேசக் கிரிக்கெட் விதிகளின்படி, ஒரு நாட்டில் குறிப்பிட்ட சில ஆண்டுகள் வசித்தாலே அந்நாட்டு அணியில் இடம்பெறலாம். ஆகவே பல நாட்டிலிருந்தும் பிழைக்கச் சென்றவர்களே அந்த அணியில் நிறைந்திருந்தனர். நட்சத்திர ஆட்டக்காரரான குர்ராம் கான் விமானப் பணியாளர். விக்கெட் கீப்பர் ஸ்வப்னில் பாட்டீல் மும்பைப் பக்கத்தவர். வேலை முடிந்த பிறகே பயிற்சி.

1996-க்குப் பின் எமிரேட்டுகளுக்கு அது இரண்டாவது உலகக் கோப்பை. பிப்ரவரி 19-இல் நெல்சன் நகரில் ஜிம்பாப்வேயுடன் முதல் ஆட்டம். மூன்றாவதாக இறங்கிய கிருஷ்ண சந்திரன் 34 ரன்கள் எடுத்தார். அணி 285 ரன்கள் குவித்தும், ஜிம்பாப்வே 4 விக்கெட் வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. அடுத்து அயர்லாந்திடம் 2 விக்கெட்டில் தோல்வி. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை.

பிப்ரவரி 28-இல் பெர்த் மைதானத்தில் எதிரணி இந்தியா. பிறந்த நாட்டுக்கு எதிராக மட்டையைப் பிடித்து நிற்பது எவருக்கும் சங்கடமான சோதனையே. பந்து வீசியவரோ சென்னை அஸ்வின். கிருஷ்ண சந்திரன் 4 ரன்கள் எடுத்த நிலையில், அஸ்வின் பந்தில் ரெய்னா காட்ச் பிடித்தார். எமிரேட்டுகள் 102 ரன்களில் சுருண்டது. அஸ்வினுக்கு 4 விக்கெட். இந்தியா ஒரே விக்கெட்டை இழந்து வென்றது. பாலக்காட்டு ஆட்டக்காரரை வீழ்த்தியவர் மலைக்கு அந்தப் பக்கத்துத் தமிழர் என்பதில் எல்லைப்புற ரசிகர்கள் எந்தப் பக்கம் கை தட்டியிருப்பார்களோ!

ஆறு ஆட்டங்களிலும் எமிரேட்டுகள் தோற்றது. கிருஷ்ண சந்திரனின் ரன் கணக்கும் பெரிதல்ல. ஆனாலும் நெல்சனில் எடுத்த அந்த 34 ரன்களைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பகலில் வேலை பார்த்தவர்கள் நிறைந்த அணி, முழுநேர ஆட்டக்காரர்களைக் கடைசி ஓவர்கள் வரை தவிக்க விட்டதில் அதற்கும் பங்குண்டு.

அதே பாதையில் மற்றவர்களும் சென்றனர். கேரளத்துக்காக ரஞ்சி ஆடிய தலச்சேரி சி. பி. ரிஸ்வான், 2021 ஜனவரியில் அபுதாபியில் அயர்லாந்துக்கு எதிராகச் சதம் அடித்து எமிரேட்டுகளை வெற்றி பெறச் செய்தார். 2022-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு அவரே தலைவர். அக்டோபர் 18-இல் ஜீலாங் நகரில் இலங்கையுடன் நடந்த ஆட்டத்தில், சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன் தமது சுழற்பந்தால் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் ராஜபக்ச, அசலங்க, ஷானக ஆகியோரை வீழ்த்தி 'ஹாட்ரிக்' சாதித்தார். அன்று எமிரேட்டுகள் 79 ரன்களில் தோற்றது. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் நமீபியாவை 7 ரன்களில் வென்றது. இருபது ஓவர் உலகக் கோப்பையில் அந்நாட்டின் முதல் வெற்றி அது. ரிஸ்வான் ஆட்டமிழக்காமல் 43 ரன்கள் எடுத்திருந்தார்.