ஒரே கம்பியில் இரண்டு டிஷ்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடித்துவிடும். அதனால் அது வானில் அசையாமல் நிற்பதுபோல் நமக்குத் தெரிகிறது. அந்த வளையத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945-இல் ஆர்தர் சி. கிளார்க் எழுதினார். இன்று அங்கே நூற்றுக்கணக்கான கோள்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

இத்தனை கோள்களையும் ஒரு டிஷ் மாறி மாறிப் பார்க்க ஒரே ஒரு மோட்டார் போதும். மேலும் கீழும் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு தேவையில்லை. வளையம் பூமியின் அச்சைச் சுற்றி அமைந்திருக்கிறது. டிஷ்ஷின் அச்சையும் அதற்கு இணையாகச் சாய்த்து நிறுத்தினால், ஒரே சுழற்சியில் வளையத்தின் வளைவு முழுவதையும் தொட்டுவரலாம். கோள்கள் முடிவில்லாத் தொலைவில் இல்லாததால் சிறு திருத்தம் வேண்டும்: டிஷ் கூடுதலாகக் கொஞ்சம் குனிய வேண்டும். லண்டனில் அது ஏறக்குறைய 7.5 பாகை, சென்னையில் 2 பாகைக்குச் சற்று மேல்.

பின் ஏன் இரண்டு டிஷ்? கோள்கள் இரண்டு அலைவரிசைகளில் அனுப்புகின்றன: சி-பேண்ட் அலையின் நீளம் சுமார் 7.5 செ.மீ.; கேயூ-பேண்டில் 2.5 செ.மீ. பக்கத்துப் பக்கத்துக் கோள்கள் பல இடங்களில் இரண்டு மூன்று பாகை இடைவெளியில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் கூர்மை சி-பேண்டில் கிடைக்க 2.4 மீட்டர் அகல டிஷ் வேண்டும். அதே கூர்மை கேயூ-பேண்டில் 80 செ.மீ. டிஷ்ஷுக்கே வந்துவிடும். பெரியதையே இரண்டுக்கும் வைத்தால் கேயூ-பேண்டில் பார்வை மிகவும் குறுகி, காற்றில் லேசாக அசைந்தாலும் கோள் தப்பிப்போகும். ஆகவே மொட்டைமாடியில் பெரிது ஒன்று, சிறிது ஒன்று. கீழே ரிசீவர் மட்டும் ஒன்றே.

ரிசீவரிலிருந்து மேலே போகும் அந்த ஒற்றைக் கேபிள் செய்யும் வேலைதான் எனக்குத் தீராத வியப்பு. படமும் ஒலியும் அதில் இறங்கி வருகின்றன. மின்சாரம் அதிலேயே ஏறிப் போகிறது. 13 வோல்ட் அனுப்பினால், டிஷ்ஷின் முன்னால் அலைகளை வாங்கும் எல்.என்.பி. கருவி செங்குத்தாக அதிரும் அலைகளை எடுக்கும், 18 வோல்ட் என்றால் கிடையாக அதிர்பவற்றை. அந்த மின்னழுத்தத்தின்மேல் 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வை ஏற்றி, விட்டு விட்டு ஒலித்துக் கட்டளையும் அனுப்பலாம். 1 மில்லிவிநாடி அதிர்வும் அரை மில்லிவிநாடி மௌனமும் சேர்ந்தால் 0. இரண்டின் நேரத்தையும் மாற்றிப் போட்டால் 1. யூடெல்சாட் நிறுவனம் 1990-களில் வகுத்த இந்த முறைக்கு டைசெக் என்று பெயர். 'சேமித்துவைத்த இந்த இடத்துக்குப் போ' என்று மோட்டாருக்குச் சொல்ல நான்கு பைட் போதும். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு பிட் சேர்த்து மொத்தம் 36 பிட், 54 மில்லிவிநாடி. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். டைசெக் மொழியில் மோட்டாருக்கென்று ஒரு முகவரி உண்டு. எல்லா மோட்டாருக்கும் அதே முகவரி. இரண்டையும் ஒரே கம்பியில் அப்படியே இணைத்தால், தாத்தா பெயரையே இரு பேரன்களுக்கும் வைத்த வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு இருவரும் ஓடிவருகிற கதையாகிவிடும். போதாக்குறைக்கு, ரிசீவர் தரும் மின்சாரம் ஒரு சிறிய மோட்டாரை ஓட்டத்தான் சரியாக இருக்கும்.

ஆகவே மோட்டார்களுக்கு முன்னால் ஒரு டைசெக் சுவிட்ச் வைக்கிறார்கள். அதற்கு முகவரி வேறு; டிஷ்ஷுக்கு ஒரு வாசல் அதில் உண்டு. ரிசீவர் முதலில் 'முதல் வாசலைத் திற' என்று சுவிட்சுக்குச் சொல்கிறது. சிறு இடைவெளி விட்டு மோட்டாருக்கான கட்டளையை அனுப்புகிறது. திறந்த வாசல் வழியாக மட்டுமே மின்சாரமும் கட்டளையும் போகும். மற்ற டிஷ்ஷுக்கு எதுவும் கேட்காது. மின்சாரம் இல்லாவிட்டாலும் மோட்டாரின் உள்ளே இருக்கும் பற்சக்கர அமைப்பு அந்த டிஷ்ஷை நின்ற இடத்திலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வரிசைதான் முக்கியம்: சுவிட்சுக்கு முன்பே மோட்டாருக்கான கட்டளை போனால் தவறான டிஷ் திரும்பிவிடும்.

பெரிய டிஷ்ஷைத் தள்ளும் நீள்கை மோட்டாருக்கு 36 வோல்ட் வேண்டும். அதை இந்தக் கேபிளால் கொடுக்க முடியாது. நடுவில் ஒரு பொசிஷனர் பெட்டி உட்கார்ந்து டைசெக் கட்டளையைக் கேட்டு, வீட்டு மின்சாரத்திலிருந்து 36 வோல்ட் ஊட்டி, கை நகர நகர வரும் துடிப்புகளை எண்ணி உரிய இடத்தில் நிறுத்துகிறது. சிறிய டிஷ்ஷின் மோட்டாருக்கு இந்த வசதி இல்லை. அது திரும்பிக்கொண்டிருக்கும்போதே மற்ற டிஷ்ஷின் சேனலுக்கு மாறினால் மின்சாரம் அறுந்து பாதிவழியில் நின்றுவிடும். அது போய்ச் சேரும்வரை ரிமோட்டைத் தொடாமல் இருக்க வேண்டும். ரிசீவர் வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. சில மாடல்களின் மெனுவில் மோட்டாரையும் சுவிட்சையும் ஒரே கோளுக்குச் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வழியே இருக்காது. அவற்றில் இந்த ஏற்பாடு நடக்காது.