வாயசைப்பது கார், பாடுவது ஃபோன்

ஒரு ரகசியம் சொல்கிறேன், ஷோரூம்காரர் காதில் விழ வேண்டாம். ஃபோனைக் காரோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப் ஓடுகிறதே, அந்தப் பெரிய பளபளத் திரை, அதற்கு மேப் என்றால் என்னவென்றே தெரியாது! வழியைக் கணக்குப் போடுவது, நீலக் கோட்டை இழுப்பது, கேட்ட பாட்டைத் தேடுவது எல்லாம் சட்டைப் பையில் கிடக்கும் ஃபோன்தான். வரைந்ததை அது வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, கார் வாங்கிக் காட்டுகிறது. நம் சினிமாவில் ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பாரே, அதே ஏற்பாடு. 2014இல் வந்த ஆப்பிள் கார்ப்ளேவும் இந்த வித்தையில்தான் ஓடுகிறது.

அப்படியானால் திரையைத் தொட்டால்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. விரல் எந்த இடத்தில் பட்டது என்ற கணக்கு மட்டும் ஃபோனுக்குத் திரும்பிப் போகிறது. அங்கே பட்டன் இருந்ததா, எருமை மாடு நின்றதா, காருக்குக் கவலையே இல்லை. ஃபோன் புரிந்துகொண்டு அடுத்த படத்தை வரைந்து அனுப்புகிறது. இத்தனையும் நமக்குச் சந்தேகமே வராத வேகத்தில்!

காரும் சும்மா இருப்பதில்லை. வண்டி நகர்கிறது, இருட்டிவிட்டது என்று விடாமல் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மேப் திடீரென்று கறுப்பு உடைக்கு மாறுவது அதனால்தான். நீங்கள் பேசுவதையும் காரின் மைக்தான் பிடித்து ஃபோனிடம் கொடுக்கிறது.

கேபிள் இல்லாத வண்டிகளில் நடப்பது இன்னும் கூத்து. ஃபோனும் காரும் முதலில் புளூடூத்தில் சந்திக்கின்றன. அங்கேயே கார் தன் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஃபோனிடம் ரகசியமாகச் சொல்லிவிடுகிறது. அப்புறம் வீடியோ முழுக்க வைஃபையில். புளூடூத்தில் அறிமுகம், வைஃபையில் குடித்தனம்!

இதையெல்லாம் உள்ளே புகுந்து பார்க்கக் கார் வேண்டுமே என்கிறீர்களா? வேண்டாம். கார் ஆப் எழுதுகிறவர்களுக்காக ‘டெஸ்க்டாப் ஹெட் யூனிட்’ என்று ஒரு மென்பொருளை கூகுள் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் வெர்ஷன் விவரத்தை விடாமல் தட்டினால், டெவலப்பர்களுக்கான கதவு திறக்கும். அதில் ஹெட் யூனிட் சர்வரைத் தொடங்கி, லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, அங்கே அந்த மென்பொருளை ஓடவிட்டால், லேப்டாப்பைக் கார் என்றே நம்பிவிடும் அப்பாவி ஃபோன்.

ஏமாந்த ஃபோனிடம் விளையாடலாம். லேப்டாப்பில் ‘நைட்’ என்று டைப் செய்யுங்கள், பட்டப்பகலில் மேப் இருண்டுவிடும். ‘ரெஸ்ட்ரிக்ட் ஆல்’ என்று தட்டினால், மேஜையை விட்டு அங்குலம்கூட நகராத ஃபோன் ஓடும் வண்டிக்கான கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொண்டு கீபோர்டைத் தர மறுக்கும். இதைவிட வேடிக்கை, மென்பொருளோடு கூடவே வரும் ஆடியோ ஃபைல்கள். வீட்டுக்கு வழி கேட்க ஒன்று, பெட்ரோல் பங்க் தேட ஒன்று, மணி கேட்க ஒன்று என்று யாரோ பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து வழி கேட்டுத் தொண்டை வறளாமல் இருக்கத்தான் போலிருக்கிறது!

கொஞ்சம் பொறுப்புள்ள ஒரு விஷயமும் திரைக்குப் பின்னால் இருக்கிறது. 2025 மே மாதம் ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் அறிமுகமான கார்ப்ளே அல்ட்ரா, ஸ்பீடோமீட்டர் வரைக்கும் கை நீட்டிவிட்டது. அதையும் ஃபோனே வீடியோவாக அனுப்பினால், நூறில் போகும்போது ஃபோன் ஹேங் ஆகிவிட்டால் முள் என்ன ஆவது? அதனால் டயல், எழுத்து, நிறம் எல்லாவற்றையும் ஐஃபோன் முன்கூட்டியே காருக்குக் கொடுத்துவிடுகிறது. வேகத்தைக் கார் தன் கணக்கிலிருந்து எடுத்துத் தானே வரைகிறது. பக்கத்திலேயே ஃபோன் அனுப்பும் மேப். ஒரே திரையில் வரைகிறவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் ஒரே அலங்காரம், எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்று நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. ரிவர்ஸ் கேமராவில் மட்டும் இந்தக் கூட்டணி கிடையாது. அதற்கான இடத்தை ஃபோன் ஒழித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, கார் தன் படத்தை நேராக அங்கே போட்டுக்கொள்கிறது.